கிழக்கே கடற்கரை வரை

ஆரணி
10-2-1979

ரத்னாவதிக்கு,

பினாங்கில் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு வழியாக இக்கடிதம் உன்னிடம் சேரும். நான் நேற்றிரவே ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் தொல்லை ஏதுமில்லை. நீ இதை விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டியது என்பதால் தெரிவிக்கிறேன்.

நேற்று சென்னைத் துறைமுகத்தில் நடந்ததை உனக்குச் சாதகமான முறையில் நீ நினைவில் வைத்துக்கொள்வாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். முப்பதாண்டு காலம் வக்கீலாக இருந்தவனுக்கு இதைத் தவிர வேறு வழி தெரியாது.

காலை எட்டு மணிக்குச் சுங்கக் கொட்டகையில் இருந்தோம். உன் பெட்டியில் சாக்கட்டிக் குறி போட்டார்கள். என் பெட்டியிலும் போட்டார்கள். அம்மை குத்திய மஞ்சள் புத்தகத்தை இருவரும் காட்டினோம். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. நான்கு வார உல்லாசப் பயணம் என்று அச்சடித்த டிக்கெட்டைக் கம்பெனிப் பையன் கிழித்துக் கொடுத்தான். அதுவரை எந்தத் தகராறும் இல்லை. கப்பலின் ஏணிப்படிக்குக் கீழே வந்தபோது நான் நின்றேன். "நீ போ, நான் வரவில்லை" என்றேன். காரணம் கேட்டாய். சொல்லவில்லை. அதற்கு நீ, பின்னால் வரிசையில் நின்ற நாற்பது ஐம்பது பேர் கேட்கும்படி, "எட்டு வருசமா நீங்க அவன்கிட்ட பேசல. இனிமே நான் உங்ககிட்ட பேசல" என்று சொல்லிவிட்டுப் படியேறினாய். திரும்பிப் பார்க்கவில்லை.

உன் கோபத்துக்கு இடமுண்டு என்று நீ நினைக்கலாம். என்னுடையதற்கும் உண்டு. நம் மகன் சுமதிராஜ், பி.எஸ்ஸி. படித்தவன், 1971-இல் ஒரு கப்பலின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தான். தண்ணீரையும் வடிகட்டிக் குடிக்கிற ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்து, மாமிசம் பரிமாறிச் சம்பளம் வாங்கப் போனான். அவனை நான் வீட்டைவிட்டு அனுப்பினேன். அதன்பின் எட்டாண்டுகளாகக் கலசப்பாக்கத்திலிருக்கும் உன் தம்பியின் முகவரிக்கு அவன் உனக்குக் கடிதம் எழுதியதும், நீ பதில் எழுதியதும், தீபாவளிக்குப் பிறகு அவன் தான் வேலை பார்க்கும் கப்பலில் வர இரண்டு பேருக்கு டிக்கெட் அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டாண்டுகள். உன் திறமையை வியக்கிறேன்.

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்திலிருந்து எல்லோரும் வண்ணக் காகித நாடாக்களை எறிந்தார்கள். கீழே இருப்பவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது அறும் வரையில் பிரிவில்லை என்பது அந்தக் கம்பெனியாரின் வேடிக்கை போலும். நீ எறிந்த பச்சை நாடா என் செருப்புக்கு அருகில் விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது துறைமுகத்தில் என்னைத் தேடாதே. துரைக்கண்ணுவை அனுப்புகிறேன். குமாஸ்தா வேலையோடு அதையும் செய்வான்.

புஷ்பதந்தன்


பினாங்கு
15-2-1979

அவர்களுக்கு ரத்னாவதி நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை ஏஜெண்டு ஆள் இன்று காலை கொடுத்தார். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சை நாடாவை நான் எறியவில்லை. எனக்கு எங்கே கை எழும்பியது? என் பக்கத்தில் நின்று எறிந்தது அவன்.

ஏணிப்படி ஆடிக்கொண்டே இருந்தது. கீழே பார்க்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் திரும்பவில்லை. மேலே போனதும் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை போட்ட ஓர் ஆபீசர் கையைப் பிடித்து ஏற்றினார். நன்றி சொல்லிவிட்டு நகரப் போனேன். "அம்மா" என்றான். என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காதோரம் நரைத்திருக்கிறது. முப்பது வயதுதான் ஆகிறது.

"அப்பா எங்கம்மா?" என்றான். கீழே காட்டினேன். "நீ எறங்கிப் போய்க் கூப்புடுடா, வருவாரு" என்றேன். "நான் நிக்கிற மண்ணுல நீ நிக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரும்மா. அவரு சொன்னதுல நான் மீறாதது அது ஒண்ணுதான். அதையாச்சும் காப்பாத்துறேன்" என்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றீர்கள். வயதாகிவிட்டது அப்பாவுக்கு என்றான். 

கப்பலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரிடம் சொல்வேன்? உள்ளே நுழைந்ததும் பெயிண்டு வாசனை. பட்டப்பகலில் நடைவழி முழுக்க விளக்கு எரிகிறது. நின்றால் பாதத்துக்கு அடியில் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது, தறிக் குழியில் காலை வைத்தது போல. நம் அறைக்கு ஒரே ஒரு வட்ட ஜன்னல். நம் அறை என்று எழுதிவிட்டேன். இரண்டு படுக்கை. ஒன்றில் உங்களுக்கென்று புதுத் துண்டும், படிக்கக் கண்ணுக்கு இதமான விளக்கும் வைத்திருந்தான். மேல்தளத்தில் நீலக்கல் பதித்த ஒரு குளம் வெட்டி, அதில் தண்ணீரை நிரப்பிக் குளிக்கிறார்கள். சுற்றிலும் இவ்வளவு கடல் இருக்க அதற்கு நடுவில் ஒரு குளம் எதற்கு என்று கேட்டேன். "இதுக்குத்தாம்மா டிக்கெட்டு" என்று சிரித்தான்.

தேசூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருக்கிறாள், செல்லியம்மாள் என்று. மகள் பிரசவத்துக்குப் பினாங்கு வந்தவள். "கப்பலுன்னா ஆடிகினே இருக்கும்னு பயமுறுத்தி அனுப்புனானுங்க. நம்ம ஆரணி டவுன் பஸ்ஸு குலுங்குற குலுக்கல்ல பாதி கூட இல்லியேம்மா" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா, ஆரணின்றீங்க, நூல் பொடவ கட்டிகினு வந்துக்கிறீங்க?" பட்டு என்பது புழுவை வேகவைத்து எடுப்பது, எங்கள் வீட்டில் கட்டமாட்டோம் என்றேன். "அப்போ ஊர் பேரயாச்சும் மாத்திச் சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு ஆச காட்டாதீங்க" என்றாள். ஆறு நாளில் அன்றுதான் சிரித்தேன்.

இப்போது சாப்பாடு. நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். கப்பலில் எல்லோருக்கும் இரவு ஏழரைக்குத்தான் மணி அடிக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் நாம் உண்பதில்லையே, என்னை அதற்கு முன்பே கூப்பிட்டுவிடுவான். சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று கேப்டன் அறையில் தினமும் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறான். நான் என் கைக்கடிகாரத்தை ஆரணி நேரத்திலேயே விட்டுவைத்தேன். அதன்படி தினமும் கால் மணி நேரம் முன்னாலேயே பொழுது சாய்கிறது. கிழக்கே போகப் போக அப்படித்தான் என்றான். புதுப் பாத்திரம், புது அடுப்பு. அவனே சமைக்கிறான். வெங்காயமில்லை, கிழங்கில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டி என் கண்முன் ஊற்றுகிறான். உங்களுக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைக்கிறான். வேண்டாண்டா என்றேன். "வச்சதுக்கப்புறம் எடுக்கறதுதான் கஷ்டம். இருக்கட்டும்" என்றான்.

நீயும் அந்த மாமிசத்தைச் சாப்பிடுகிறாயா என்று ஒரு நாள் கேட்டேன். "அத மட்டும் கேக்காதம்மா" என்றான். நான் மறுபடி கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள்.

எழுத வந்ததே இதற்காகத்தான். சிங்கப்பூரில் ஒன்பது நாள் கப்பல் நிற்கும். 25-ஆம் தேதி அவன் அங்கேயே இறங்கிவிடுகிறான். ஐரோப்பாக் கம்பெனிக் கப்பலில் வேலை, ஆறு வருட ஒப்பந்தம். அந்தக் கப்பல்கள் நம் தேசத்துப் பக்கமே வராதாம். நீங்கள் அந்தப் படியில் ஏறியிருந்தால் பதினாறு நாள் அவனோடு இருந்திருக்கலாம். அதற்காகத்தான் டிக்கெட் அனுப்பினான். இதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கடிதத்தில் எழுதாமல் இருந்துவிட்டான்.

நீங்கள் பாஸ்போர்ட் எடுத்தீர்கள், ஊசி போட்டுக்கொண்டீர்கள், பெட்டி கட்டினீர்கள். பிறகு ஏன் நின்றீர்கள்? வெறும் கோபம் என்றால் ஆரணியிலேயே நின்றிருப்பீர்களே.

ரத்னாவதி


ஆரணி
21-2-1979

ரத்னாவதிக்கு,

உன் கடிதம் இன்று பத்து மணித் தபாலில் வந்தது. கோர்ட்டுக்குப் போகவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சொல்லத் தாமதித்ததற்கு வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை; வருத்தம் என்ற சொல் இதற்குச் சிறியது.

திக்விரதம் உனக்குத் தெரிந்ததுதான். எந்தத் திசையில் எதுவரை போவது என்று எல்லை வகுத்துக்கொண்டு, உயிருள்ளவரை அதைத் தாண்டாமல் இருப்பது. ஆசையைக் குறைப்பதற்காகப் பெரியவர்கள் வைத்தது. 1971 ஆகஸ்டில், சுமதிராஜ் போன மூன்றாம் நாள், நான் ஜினாலயத்தில் தனியாக நின்று அந்த விரதத்தை எடுத்துக்கொண்டேன். வடக்கே சம்மேதகிரி, மேற்கே சிரவணபெளகுளம், தெற்கே கன்னியாகுமரி, கிழக்கே கடற்கரை வரை. போக வேண்டிய திருத்தலங்கள் இருக்கும் திசைகளையெல்லாம் தாராளமாகத் திறந்துவிட்டு, அவன் போன திசையை மட்டும் மூடினேன். என்றாவது மனம் இளகி அவனைத் தேடிப் போய்விடுவேனோ என்று எனக்கே என்மீது சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பூட்டுப் போட்டேன். சினத்தை அடக்க வேண்டியவன் சினத்துக்குக் காவலாக விரதத்தை நிறுத்தினேன். இதைப் படித்தவன் செய்தான் என்பதைக் கவனித்துக்கொள்.

டிக்கெட் வந்தபோது விரதத்தை முறித்துவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையாகவே முடிவு செய்தேன். அதனால்தான் பாஸ்போர்ட், அதனால்தான் ஊசி. ஏணிப்படிக்குக் கீழே வந்தபோது, தரைக்கும் படிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் தண்ணீர் தெரிந்தது. நான் வகுத்த எல்லையை அவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததே இல்லை. கால் எழவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த விரதத்தை எதற்காக எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். நாற்பது பேர் முன்னால் நீ பேசியதைச் சென்ற கடிதத்தில் உன் குற்றமாக எழுதினேன். அவ்விடத்தில் பேசாமல் நின்றவன் நான்.

நாடா அவன் எறிந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டேன். பதிலை இங்கே எழுதவில்லை.

அவனிடம் இதைச் சொல். என் வீட்டுக்குள்ளும் என் மண்ணிலும் கால் வைக்கக்கூடாது என்று நான் விதித்த தடையை இன்றோடு நீக்கிக்கொள்கிறேன். அவன் கப்பலைவிட்டு இறங்குவதானால் சிங்கப்பூரில் இறங்க வேண்டியதில்லை; சென்னையில் இறங்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றால், அடுத்த கப்பலில் நான் வருகிறேன். விரதம் என்னுடையது, முறித்த பாவமும் என்னுடையது. அவன் சமையல் தொழிலைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அது தனி வழக்கு.

இதை எக்ஸ்பிரஸ் விமானத் தபாலில் அனுப்புகிறேன். 25-க்குள் கிடைத்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள்.

புஷ்பதந்தன்


சிங்கப்பூர்
27-2-1979

அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் ஏஜெண்டு ஆபீசிலிருந்து வந்தது. அவன் முந்தாநாள் விடியற்காலையில் போய்விட்டான்.



ஏன் தந்தி கொடுக்கவில்லை? ஆரணியில் தந்தியாபீஸ் இல்லையா? ஒரு நாளில் வந்திருக்குமே. கடைசி நாள் வரைக்கும், "அப்பாகிட்டேர்ந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்காதது போலக் கேட்பான், பெட்டி கட்டிக்கொண்டே, சட்டையை மடித்துக்கொண்டே. 24-ஆம் தேதி சாயங்காலம் அவனே ஏஜெண்டு ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். கடைக்குப் போனேன் என்று என்னிடம் சொன்னான். கையில் ஒன்றும் இல்லை.

உங்கள் விரத விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்து வைத்து எட்டு வருடம் பட்டதே போதும்.

கப்பல் புறப்பட்ட அன்று நான் அழுதுகொண்டிருந்தேன். என் கவனத்தைத் திருப்ப அவன் அதையும் இதையும் காட்டிப் பேசினான். அதோ ஐகோர்ட்டு, அதோ பழைய லைட் ஹவுஸ் என்று. "இந்தத் துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி, தோ அந்த ரோடு வரைக்கும் கடல்தாம்மா. கல்லக் கொட்டி, மண்ணக் கொட்டி மேடாக்கினாங்க. அப்பா நிக்கிற எடமே நடுக்கடல்" என்றான். சிரிக்கவைக்கச் சொன்னான். எனக்கு அப்போது காதில் ஏறவில்லை.

உங்கள் எல்லை கடற்கரை என்றால், சுங்கக் கொட்டகைக்கு வந்தபோதே அதைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டி வந்து, கடல்மேல் நின்றுகொண்டு, ஒரு முழத் தண்ணீரைப் பார்த்துக் காலை நிறுத்திக்கொண்டீர்கள். அவனும் அப்படித்தான். அப்பா நிற்கிற மண் என்று இறங்காமல் நின்றான். அது மண்ணே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. நடுவில் நான் ஒருத்தி படியேறி இறங்கினேன்.

அவன் புது முகவரி என்னிடம் இருக்கிறது. கொடுக்கும்போது ஒன்று சொன்னான். "அப்பா கேட்டா மட்டும் குடும்மா. கேக்காம நீயா குடுக்காத. நீயா குடுத்தா, உனக்காக எழுதுவாரு. எனக்கு அது வேணாம்." அதனால் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டும்.

நாளைக்குக் கப்பல் புறப்படுகிறது. 7-ஆம் தேதி காலை சென்னை. இப்போது சாப்பாட்டுக்கு எனக்காக யாரும் சீட்டு எழுதிக்கொண்டு வருவதில்லை. வட்ட ஜன்னலில் பார்த்து நானே தெரிந்துகொள்கிறேன்.

ரத்னாவதி


சென்னை, ஒரு லாட்ஜ்
6-3-1979

ரத்னாவதிக்கு,

இது தபாலில் வரும் கடிதம் அல்ல. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் உன் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வந்தேன். துரைக்கண்ணு, "நான் போய் அம்மாவ இட்டுகினு வந்துட்றேங்க. கேஸ் வாய்தா இருக்குதே" என்றான். வாய்தா வாங்கிக்கொள்ளச் சொன்னேன். என்னிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவன் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நேற்று ஐகோர்ட்டு நூலகத்தில் ஒரு நண்பரின் உதவியோடு சென்ற நூற்றாண்டு வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதை நம்பாமல் அல்ல. பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவன் சொன்னது சரி. கடலோரச் சாலையை ஒட்டியே அலை அடித்திருக்கிறது. பிறகு நடந்து போய்த் துறைமுகச் சுவர் வரை அடியளந்து பார்த்தேன். வாயிற்காவலன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். விரத எல்லையை மறந்துபோவது ஒரு குற்றம் என்று நம் நூல்கள் சொல்கின்றன. எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கட்டியவனைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தந்தி ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாய். கொடுக்கத்தான் போனேன். 21-ஆம் தேதி பதினோரு மணிக்குத் தந்தியாபீஸில் படிவத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் எழுத இடம் குறைவு. நான் ஏன் அப்படிச் செய்தேன், எதை விட்டுக்கொடுக்கிறேன், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையெல்லாம் அதில் எழுத முடியாது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் எழுதினேன். அவன் காத்திருந்தது "வா" என்ற ஒரு சொல்லுக்கு. என் நியாயம் முழுவதும் அவனுக்குச் சேர வேண்டும் என்பதற்காக நான் நான்கு நாட்களைச் செலவழித்தேன். நியாயம் சேர்ந்தது, இரண்டு நாள் கழித்து.

அந்தக் கடிதத்தில் அவன் தொழிலைப் பற்றித் தனி வழக்கு என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அவன் படிக்காமல் போனது ஒன்றுதான் இதில் ஆறுதல். நீயும் அதை மறந்துவிடு என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

நாளைக் காலை அதே இடத்தில், ஏணிப்படிக்குக் கீழே நிற்பேன். நீ இறங்கி வருவாய். நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது நீண்ட கேள்வி அல்ல. இரண்டு நாளாக இந்த அறைக்குள் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். கோர்ட்டில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டவன். இந்த மூன்று சொல்லை ஒருமுறைகூட முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. "பயணம் சௌகரியமா" என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீ சௌகரியம் என்பாய். பெட்டியை வாங்கிக்கொள்வேன். இருவரும் பேசாமல் பஸ் நிலையம் போய்விடுவோம்.

அப்படி நேர்ந்தால் கொடுப்பதற்காகவே இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். என்னால் கேட்க முடிந்துவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுவேன். ஆகவே இது உன் கையில் இருக்கிறது என்றால், நான் உன் எதிரே நின்றும் கேட்க முடியாமல் போனேன் என்று அறிந்துகொள். வாய்திறந்து கேட்க வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இதை அதற்கு ஈடாக ஏற்பதும் மறுப்பதும் உன் விருப்பம்.

சுமதிராஜ் எங்கே இருக்கிறான்?

புஷ்பதந்தன்